மின்னணு பிரெயில் கருவியைத் தொடங்கிப் பயன்படுத்தும் முறை

காரைக்குடி வட்டாரத்தில் பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் உள்ள வீட்டுக்கு, சிங்கப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருக்கும் பிள்ளைகள் மின்னணு பிரெயில் கருவி ஒன்றை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். உடன் வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஆங்கில பிரெயிலை மட்டும் கருத்தில் கொண்டு எழுதப்பட்டதாக இருக்கிறது. அதன்படி செய்தால் கருவி இயங்கிவிடும், தமிழ்தான் வராது. பெட்டியைப் பிரிப்பது முதல் தமிழை விரலால் வாசிப்பது வரையுள்ள வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். பிரெயில் எழுத்தை ஏற்கெனவே அறிந்தவருக்காகவும் அவருக்கு உதவும் வீட்டாருக்காகவும் எழுதப்பட்டது இது. பிரெயிலே தெரியாதவர், குறிப்பாக முதுமையில் பார்வை இழந்தவர், தடித்த தாளில் குத்திய புள்ளிகளில் முதலில் பழகிவிட்டு வருவது நல்லது. தாளில் உள்ள புள்ளி அசையாமல் நிற்கும். கருவியில் அது விசைக்கு விசை மாறிக்கொண்டே இருக்கும்.

கருவியின் அமைப்பு

கருவியை மேசைமீது வைத்து, உங்களுக்கு அருகில் உள்ள விளிம்பைத் தடவினால் நுண்ணிய துளைகள் கொண்ட நீண்ட பட்டை ஒன்று தட்டுப்படும். அதுவே வாசிக்கும் இடம். அது செல்களாக, அதாவது புள்ளிக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். சிறிய கருவிகளில் 14 அல்லது 20 செல்களும், பெரியவற்றில் 40 அல்லது 80 செல்களும் உண்டு. தாள் பிரெயிலில் ஒரு செல்லுக்கு ஆறு புள்ளிகள்தாம்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. இங்கே அடியில் இரண்டு கூடி எட்டாகின்றன. ஏழாம், எட்டாம் புள்ளிகள் பெரும்பாலும் எழுத்துக்காக எழுவதில்லை. திரையில் கர்சர் நிற்கும் இடத்தைக் காட்டவே எழுகின்றன. இதை அறியாதவர், ஒரு செல்லின் அடியில் மட்டும் இரண்டு முனைகள் எழுந்து நிற்பதைத் தொட்டுவிட்டு, கருவி பழுது என்று முடிவு கட்டிவிடுவது வழக்கம்.

பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு முனைக்கும் அடியில், மின்னழுத்தம் செலுத்தினால் வளையும் பீசோ மின்படிகப் பட்டை ஒன்று இருக்கிறது. அது வளைந்து முனையை மேலே தள்ளுகிறது. 40 செல் கருவி என்றால் இத்தகைய பட்டைகள் 320. விலை உயர்வாக இருப்பதற்கும், கீழே விழுந்தால் செலவு வைப்பதற்கும் இதுவே காரணம். விலையைக் குறைக்க வேறு வழிகளும் தேடப்பட்டிருக்கின்றன; 20 செல்கள் கொண்ட ஆர்பிட் ரீடர் அவ்வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். 2019-இல் தில்லி ஐ.ஐ.டி.யிலிருந்து டாட்புக் என்ற கருவி வெளிவந்தது.

வாசிக்கும் பட்டைக்கு அப்பால் எழுதும் விசைகள் இருக்கும். இடக்கைச் சுட்டுவிரலுக்கு முதற்புள்ளி, நடுவிரலுக்கு இரண்டு, மோதிரவிரலுக்கு மூன்று. வலக்கையில் அதே வரிசையில் நான்கு, ஐந்து, ஆறு. நடுவில் இடைவெளி விசை. பெர்க்கின்ஸ் பிரெயிலர் என்ற பிரெயில் தட்டச்சுப்பொறியில் எழுதிப் பழகியவருக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஏழும் எட்டும் சில கருவிகளில் வரிசையின் இரு கடைசியிலும், சிலவற்றில் இடைவெளி விசையை ஒட்டியும் அமைந்திருக்கும். இவற்றைத் தவிர, வரியை முன்னும் பின்னும் நகர்த்தும் விசைகள் உண்டு. சில கருவிகளில் ஒவ்வொரு செல்லுக்கும் மேலே ஒரு சிறு பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் கர்சர் அந்த எழுத்துக்கே வந்து நிற்கும்.

இடமும் கையும்

கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே பட்டையைத் தொட வேண்டும். தேன்குழலும் சீப்புச் சீடையும் டின் டின்னாக இருக்கும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். விரலில் உள்ள எண்ணெய் துளை வழியே இறங்கித் தூசியைப் பிடித்துக்கொண்டால், முனை எழுந்தபடியே நின்றுவிடும், அல்லது எழாமலே போகும். செம்மண் தூசி பறக்கும் முகப்புத் திண்ணையும், சாரல் அடிக்கும் வளவு முற்றத்தின் ஓரமும் கருவிக்கு ஏற்ற இடங்கள் அல்ல. உள்ளறையில் முழங்கை மடங்கும் உயரத்தில் ஒரு மேசை போதும். கணக்கெழுதும் பழைய சாய்வு மேசை இருந்தால் தரையில் அமர்ந்தும் வாசிக்கலாம்; கருவி சறுக்காமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இயக்கத் தொடங்குதல்

உடன் வந்த மின்கம்பியையே பயன்படுத்தி, முதன்முறை முழுமையாகச் சார்ஜ் ஏற்றுங்கள். உள்ளே இருப்பது பொதுவாக லித்தியம் மின்கலன். அதை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும், முற்றிலும் வற்றவிட்டு மாதக்கணக்கில் அலமாரியில் பூட்டிவைப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். மின்கலன்களை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு நாம் இதில் அசட்டையாக இருப்பது அழகல்ல.

மின்விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கருவி விழிக்கும். அப்போது சில கருவிகளில் எல்லா முனைகளும் ஒருசேர எழுந்து அடங்கும். சடசடவென்று ஓசையும் கேட்கும். அது தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, பயப்பட ஒன்றும் இல்லை. அது முடியும்வரை பட்டையில் விரலை அழுத்தக் கூடாது. உதவிக்கு இருக்கும் பேரன், "அப்பத்தா, கொஞ்சம் பொறுங்க, அது அடங்கட்டும்" என்று சொல்லிவிட்டால் போதும். பிறகு கருவியின் பெயரோ பட்டியலோ செல்களில் தோன்றும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் இருக்கும். பட்டியலில் மொழி மாற்றும் இடம் இருந்து, அங்கே தமிழும் இருந்தால் அதைத் தேர்ந்துகொள்ளலாம். இல்லையென்றால் கவலை வேண்டாம். கைபேசியோடோ கணினியோடோ இணைக்கும்போது தமிழைத் தருவது அங்குள்ள திரைவாசிப்பான்தான், அதாவது திரையில் உள்ளதைக் குரலாகவும் பிரெயிலாகவும் மாற்றித் தரும் மென்பொருள்தான், கருவி அன்று. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும்.

தமிழ் எப்படி வர வேண்டும்

இணைப்பு வேலைக்குப் போவதற்கு முன், சரியான தமிழ் விரலில் எப்படி உணரப்படும் என்பதை ஒரு சொல்லைக் கொண்டு மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பின்னர் சோதிக்க அதுவே உரைகல். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-இல் ஏற்கப்பட்ட பாரதி பிரெயில் முறையில், மெய்யின் புள்ளி எழுத்துக்கு முன்னே நான்காம் புள்ளியாக நிற்கும். உயிர்க்குறி எதுவானாலும் அந்த உயிரெழுத்தே மெய்க்குப் பின் தனிச் செல்லாக வரும். அச்சில் 'கோ' என்பதில் ககரத்தின் இருபுறமும் குறி நிற்கிறது. பிரெயிலில் ககரம் ஒரு செல், ஓகாரம் அதற்கடுத்த செல், அவ்வளவுதான்.

'காரைக்குடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ககரம் 1, 3. ஆகாரம் 3, 4, 5. ரகரம் 1, 2, 3, 5. ஐகாரம் 3, 4. பிறகு புள்ளிக்கு 4. ககரம் இருமுறை 1, 3. உகரம் 1, 3, 6. டகரம் 2, 3, 4, 5, 6. இகரம் 2, 4. அச்சில் ஐந்து எழுத்தாக இருப்பது இங்கே பத்துச் செல். 'தேவகோட்டையிலிருந்து' என்ற ஒரே சொல் 19 செல்களைப் பிடித்துக்கொள்ளும். 20 செல் கருவியில் ஒரு சொல்லுக்கு ஒருமுறை நகர்த்து விசையை அழுத்த நேர்வது இதனால்தான். நிறைய வாசிப்பவருக்கும், கணக்கோ சட்டமோ படிப்பவருக்கும் 40 செல்லுக்குக் குறையாமல் வாங்குங்கள் என்றே நான் சொல்வேன். கைபேசிக்கும் சிறு குறிப்புகளுக்கும் 20 தாராளம்.

குரலே எல்லாவற்றையும் வாசித்துவிடும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளத்தூர் முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்து, அது 'பல்லத்தூர்' என்று விழுந்திருந்தால், கணினிக் குரலைக் கேட்டு அதைக் கண்டுபிடிப்பது கடினம். விரலுக்கோ லகரம் 1, 2, 3 என்று முழுக்க இடப்பக்கமாகவும், ளகரம் 4, 5, 6 என்று முழுக்க வலப்பக்கமாகவும் நிற்கின்றன; ழகரம் 1, 2, 3, 5, 6 என்று இரண்டிலும் பரவி நிற்கிறது. தந்நகரம், டண்ணகரம், றன்னகரம் மூன்றும் அவ்வாறே தனித்தனி. பிழையின்றித் தமிழ் எழுத விரும்பும் மாணவருக்கு இதற்கு ஈடான துணை வேறில்லை.

கைபேசியுடன் இணைத்தல்

ஆண்ட்ராய்டு கைபேசியில் முதலில் டாக்பேக் திரைவாசிப்பான் இயங்க வேண்டும். 2022-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் பிரெயில் கருவிக்கான வசதி அதனுள்ளேயே இருக்கிறது. பழைய பதிப்பாக இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கருவியில் புளூடூத்தை இயக்கிவிட்டு, கைபேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை, அதில் டாக்பேக், அதன் அமைப்புகளில் பிரெயில் கருவி என்ற இடத்துக்குச் சென்று இணையுங்கள். அங்கேயே பிரெயில் மொழியில் தமிழைச் சேர்த்து, அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோனில் பலரும் வழி தவறும் இடம் ஒன்று உண்டு: பொதுவான புளூடூத் பக்கத்தில் இணைக்காமல், அமைப்புகள், அணுகல்தன்மை, வாய்ஸ்ஓவர், பிரெயில் என்று சென்று அங்கே தோன்றும் பட்டியலில் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணைக்கும்போது கைபேசியும் கருவியும் ஒரே அறையில் இருக்கட்டும். கனத்த சுவர் கொண்ட நம் வீடுகளில் இரண்டாம் கட்டில் கைபேசியும் முகப்பில் கருவியுமாக இருந்தால் தொடர்பு அறுந்து அறுந்து வரும்.

இணைந்ததும் பழக வேண்டிய கட்டளைகள் சிலவே. இடைவெளி விசையோடு நான்காம் புள்ளியை அழுத்தினால் அடுத்த உருப்படி. இடைவெளியோடு முதற்புள்ளி என்றால் முந்தையது. இடைவெளியோடு 1, 2 என்றால் பின்செல்லல். இடைவெளியோடு 1, 2, 5 என்றால் முகப்புத் திரை. இவை இருவகைக் கைபேசிக்கும் பொது. ஐபோனில் இடைவெளியோடு 3, 6 தெரிந்தெடுக்கும். இடைவெளியோடு 1, 3, 4 குரலை நிறுத்தும், மீண்டும் அழுத்தினால் கொண்டுவரும்.

குரலை நிறுத்தும் கட்டளையைச் சிறியதென்று எண்ணிவிடக் கூடாது. வங்கி வரிசையில் நிற்கும்போது கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைக் குரல் ஊருக்கே அறிவித்துவிடும். குரலை அடக்கிவிட்டு விரலால் வாசித்தால் அது உங்களோடு இருக்கும். கடைக் கணக்கும் மொய்க் கணக்கும் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும்: தொகையைப் பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டியதில்லை, ஒரு சுழி கூடியதா குறைந்ததா என்பதை விரல் எண்ணியே சொல்லிவிடும்.

கணினியுடன் இணைத்தல்

விண்டோஸ் கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பரிந்துரைக்கிறேன். முதல் இணைப்பை யூ.எஸ்.பி. கம்பி வழியாகவே செய்யுங்கள். புளூடூத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கருவியை யூ.எஸ்.பி. முறைக்கு மாற்றிக் கம்பியைச் செருகிய பின், என்.வி.டி.ஏ. விசையோடு (பொதுவாக இன்சர்ட் விசை) கண்ட்ரோலையும் ஆங்கில ஏ (A) எழுத்தையும் அழுத்தினால் பிரெயில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். 'தானியங்கி' என்பதை வைத்தாலே பல கருவிகள் அடையாளம் காணப்படும். பிரெயில் கருவிகளுக்கென 2018-இல் அறிவிக்கப்பட்ட பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி மென்பொருள் நிறுவ வேண்டிய தேவையும் பொதுவாக இராது. கணினியில் வேறொரு திரைவாசிப்பானும் ஓடிக்கொண்டிருந்தால் கருவி ஒன்றுக்குத்தான் கட்டுப்படும், மற்றதை மூடிவிடுங்கள்.

அடுத்து, என்.வி.டி.ஏ. அமைப்புகளில் பிரெயில் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே வெளியீட்டு அட்டவணை, உள்ளீட்டு அட்டவணை என்று இரண்டு உண்டு. இரண்டையும் தமிழுக்கு மாற்ற வேண்டும். முதலாவது நீங்கள் வாசிப்பதற்கு, இரண்டாவது கருவியின் விசைகளால் எழுதுவதற்கு. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு, 'அம்மா' என்று எழுதினால் ஆங்கில எழுத்துகள் விழுகின்றன என்று வருந்துகிறவர்கள் அதிகம். பாரதி பிரெயிலில் அகரமும் ஆங்கில ஏ எழுத்தும் ஒரே முதற்புள்ளி. மகரமும் ஆங்கில எம் எழுத்தும் ஒரே 1, 3, 4. அட்டவணை சொன்னால்தான் கணினிக்கு எது எது என்று தெரியும்.

அதே பகுதியில் இன்னும் இரண்டு மாற்றங்களைச் செய்துவிடுங்கள். கர்சர் சிமிட்டுவதை நிறுத்துங்கள்; விரலுக்கடியில் இரண்டு முனைகள் ஓயாமல் எழுந்து விழுவது புதியவருக்குப் பெருந்தொல்லை. சொற்களை உடைக்காமல் வைக்கும் வசதியை 40 செல்லில் இயக்கியும், 20 செல்லில் அணைத்தும் வையுங்கள். நம் நீண்ட சொற்களுக்கு அது சிறிய கருவியில் பாதிப் பட்டையை வெறுமையாக விட்டுவிடும். உதவுகிற வீட்டாருக்குப் பிரெயில் தெரியாவிட்டால், கருவிகள் பட்டியலில் உள்ள பிரெயில் காட்டியை இயக்கிக்கொள்ளலாம். பட்டையில் எழும் புள்ளிகளும் அவற்றுக்குரிய எழுத்துகளும் திரையில் தெரியும்.

ஆங்கிலமும் தமிழும் மாறி மாறிப் படிப்பவர், ஒவ்வொரு முறையும் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை. என்.வி.டி.ஏ. விசை, கண்ட்ரோல், ஆங்கில பி (P) எழுத்து ஆகியவற்றை ஒருசேர அழுத்தி அமைப்புத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, ஒரு செயலிக்குத் தமிழும் மற்றொன்றுக்கு ஆங்கிலமும் என்று பிரித்துவைக்கலாம்.

தமிழ் வராதபோது

பெரும்பாலான முறையீடுகள் மூன்று வகைக்குள் அடங்கும். விரலில் வருவதை வைத்தே எது என்று கண்டுகொள்ளலாம். ககரம் இருக்க வேண்டிய இடத்தில் பின்சாய்கோடு, எக்ஸ், சுழி, பி (b), 9, 5 என்று ஒரு நீண்ட கோவை வந்தால், ஆங்கில அட்டவணை இருக்கிறது என்று பொருள். அது ககரத்துக்கு யூனிகோடு என்ற பொதுக் கணினி எழுத்துமுறை தந்துள்ள எண். தனக்குத் தெரியாத எழுத்தை அட்டவணை அப்படித்தான் காட்டும். அட்டவணையைத் தமிழுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி (p), ஓ, அரைப்புள்ளி என்று வந்தால், குறை கருவியிலும் இல்லை, அட்டவணையிலும் இல்லை. அந்தக் கோப்பு பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. டி.டி.பி. கடையில் அடித்து வாங்கிய திருமண அழைப்பிதழும், கோயில் நகரத்தார் கூட்டத்தின் சுற்றறிக்கையும் இவ்வாறு வருவது உண்டு. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இட்டு யூனிகோடாக மாற்றிய பின் வாசிக்கலாம். கடைக்காரரிடம் முதலிலேயே யூனிகோடில் கேட்டு வாங்கிவிடுவது அதைவிட எளிது.

பட்டை முழுதும் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் அது பக்கங்களைப் படமெடுத்து உருவாக்கிய பி.டி.எஃப். கோப்பு. அதில் எழுத்தே இல்லை, படம்தான். தமிழ் அறியும் எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றி, ஒருமுறை பிழை பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்துணரி லகர ளகரத்தில் அடிக்கடி தடுமாறும்.

நூல்களும் கோப்புகளும்

நினைவக அட்டை செருகும் வசதியுள்ள கருவியில், கைபேசியோ கணினியோ இல்லாமலே நூல் வாசிக்கலாம். அவ்வாறு தனித்து வாசிக்கும்போது யூனிகோடு தமிழ்க் கோப்பைக் கருவி புரிந்துகொள்ளாமல் போகலாம், அப்போது பி.ஆர்.எஃப். வடிவில் கிடைக்கும் நூல்களையே அட்டையில் இட வேண்டும். அவை ஏற்கெனவே பிரெயிலாக மாற்றப்பட்டவை, ஆகவே கருவியில் மறுபடி மொழிபெயர்ப்பை இயக்காதீர்கள். இவ்வகைக் கோப்புகளில் வரி பெரும்பாலும் 40 செல்லாக இருக்கும். 20 செல் கருவியில் ஒரு வரிக்கு இருமுறை நகர்த்த வேண்டும் என்பது கணக்கு. 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் அச்சு வாசிக்க இயலாதவர்கள் உறுப்பினராகி நூல்களைப் பெறலாம். பழந்தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் திரட்டு இருக்கிறது. அதன் யூனிகோடு கோப்புகளைக் கணினி வழியே வாசிப்பதில் தடை இல்லை. 1939-இல் இருந்து கம்பனுக்கு விழா எடுக்கும் ஊரில், விருத்தத்தைக் கணினிக் குரலில் கேட்டு மனம் நொந்தவர்கள் சீர் சீராக விரலில் வாசித்துப் பார்க்க வேண்டும். குரல் விழுங்கிவிடும் சீர் இடைவெளி இங்கே வெற்றுச் செல்லாக விரலில் தட்டுப்படும்.

பராமரிப்பு

நாள்தோறும் வேலை முடிந்ததும் கருவியை அணைத்து உறையில் இடுங்கள். பட்டையைத் துடைக்க, நூல் உதிராத மெல்லிய துணியைச் சற்றே ஈரமாக்கினால் போதும். அணைத்த நிலையில், அழுத்தாமல் துடைக்க வேண்டும். சிக்கிய முனையை ஊசியால் நெம்பாதீர்கள், வாயால் ஊதாதீர்கள், தையல் இயந்திர எண்ணெய் விடவே விடாதீர்கள்.

ஏதோ ஒரு புள்ளி எழவில்லை என்ற ஐயம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. என்.வி.டி.ஏ.யில் வெளியீட்டு அட்டவணையைச் சுருக்க ஆங்கிலத்துக்கு, அதாவது சொற்களைச் சுருக்கிக் காட்டும் ஆங்கில பிரெயிலுக்கு மாற்றி, வெற்று ஆவணம் ஒன்றில் 'ஃபார்' (for) என்ற ஆங்கிலச் சொல்லை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அடித்து, கர்சரை அடுத்த வரிக்குக் கொண்டுபோய்விட்டு, மேல் வரியை நகர்த்தி வாசியுங்கள். அந்தச் சொல்லுக்குரிய சுருக்கம் ஆறு புள்ளிகளும் எழுந்த முழுச் செல். ஒரு முழுச் செல், ஒரு வெற்றுச் செல் என்று பட்டை நெடுக வரும். முன்னால் இன்னொரு இடைவெளி சேர்த்தால் விடுபட்ட செல்களும் சோதனைக்கு வந்துவிடும். குறையுள்ள செல் இடமிருந்து எத்தனையாவது, அதில் எந்தப் புள்ளி என்று குறித்துக்கொண்டு, கருவியின் மாதிரிப் பெயரையும் அதில் உள்ள மென்பொருள் பதிப்பு எண்ணையும் சேர்த்து விற்றவருக்கு எழுதுங்கள். பல கருவிகளில் ஒரு செல்லை மட்டும் தனியே மாற்ற முடியும். அனுப்புமுன் நினைவக அட்டையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.